றப்பர் மலைக்கு ஒரு முதல் பக்கம்

தேயிலைத் தோட்டத்து நாவல் ஒன்றைக் கையில் எடுத்தால், பெரும்பாலும் முதல் பக்கத்தில் தேயிலை இருக்காது. மழை பொய்த்த ஓர் ஊர் இருக்கும். வெடித்த நிலம், தீராத கடன், ஊருக்கு ஒதுக்குப்புறமாய் ஒரு சேரி. அங்கே கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு கங்காணி வந்து நிற்பார். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, 1935இல் ‘மணிக்கொடி’யில் வந்தது, திருநெல்வேலிச் சீமையில் வாசவன்பட்டி என்ற சின்ன ஊரில் தொடங்குகிறது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் (1964) தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்துதான் இலங்கைக்குக் கப்பலேறுகிறது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ எழுதினார். 1969இல் வந்த புத்தகம், இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அதுவும் மயிலோடை என்கிற திருநெல்வேலிக் கிராமத்துப் பட்டினியில்தான் புறப்படுகிறது. முல்க் ராஜ் ஆனந்த் கொஞ்சம் அவசரக்காரர். 1937இல் வந்த அவருடைய அஸ்ஸாம் தேயிலை நாவலில், முதல் பக்கத்திலேயே கங்கு குடும்பத்தோடு ரயிலில் உட்கார்ந்திருக்கிறான். ஆனாலும் அவனும் வந்துகொண்டுதான் இருக்கிறான். வந்து சேரவில்லை.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நான் கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலேயே தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றேன். எங்கள் அப்பாவே இங்கே பிறந்தவர். கரிசல் காடு எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் கதையை எவர் எழுதினாலும் நாங்கள் பார்த்திராத ஓர் ஊரிலிருந்து தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்?

சட்டம் யாரும் போடவில்லை. வாசிக்கிறவர் அக்கரையில் இருந்தார், அவ்வளவுதான் காரணம். சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து படிக்கிறவருக்குக் கதாபாத்திரத்தை முதலில் தெரிந்த தெருவில் காட்ட வேண்டும். அப்புறம்தான் மண்டபம் முகாம், கப்பல், மலை எல்லாம். எழுதுகிறவர் வாசகரின் கையைப் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டுகிறார். புதுமைப்பித்தனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கதையை அவர் எழுதியிராவிட்டால் தமிழில் இந்த ஜனங்களை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? ஆனால் அந்த வாசல் ஒருமுறை திறந்ததும் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதே வாசல் வழியாகவே நுழைந்தார்கள்.

அதற்கு முந்திய கதை இன்னும் விசித்திரம். இலங்கையில் எழுதப்பட்ட முதல் தமிழ் நாவலின் ஆசிரியர் கண்டிக்காரர், வழக்கறிஞர் சித்திலெப்பை. 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ வந்தபோது, அவர் வீட்டைச் சுற்றியிருந்த மலைகளில் கோப்பிச் செடி இலைநோயால் அழிந்து, அந்த இடத்தில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. நாவலோ எகிப்தில், காணாமல்போன ஒரு குழந்தையோடு தொடங்குகிறது. நாற்பது வருசம் கழித்து, தோட்டத் தொழிலாளருக்காகப் பத்திரிகை நடத்தி, பிறகு சங்கமும் கட்டிய கோ. நடேசய்யர் 1924இல் ஒரு நாவல் எழுதுகிறார். பெயர் ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’. பெயரைக் கேட்டதுமே ஆங்கிலத்தில் பரோனஸ் ஆர்க்ஸி எழுதிய துப்பறியும் கிழவர் ஞாபகத்துக்கு வருவார். லண்டன் தேநீர்க்கடை ஒன்றின் மூலையில் உட்கார்ந்தபடியே குற்றங்களை அவிழ்க்கிறவர் அவர். லயத்து வாழ்க்கையை நடேசய்யர் அளவுக்கு அறிந்த எழுத்துக்காரர் அன்றைக்கு இலங்கையில் இல்லை. துரைமாரின் தடையை மீறித் தோட்டத்துக்குள் நுழைந்து பார்த்தவர். அவருக்கே நாவல் என்றால் வேறெங்கோ நடக்கிற சமாச்சாரமாக இருந்திருக்கிறது.

லயத்து வாசலுக்குள் கதை வந்தது தப்போசையோடு. சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற நெடுங்கவிதையில் தேயிலைமேல் விழும் விடியலும் பிரட்டுக்கு ஆளைக் கூப்பிடும் தப்பும் இருக்கின்றன. சக்தீ பால ஐயா அதைத் தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ ஆக்கினார். அதற்குப் பிறகு வந்த மலையகக் கதைகளில் எத்தனை எத்தனை தப்பு! பனி, விடியல், தப்பு, பிரட்டுக்களம், கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள். சி.வி. அதைக் கண்டு எழுதினார். பிறகு வந்தவர்களில் பலர் சி.வி.யைப் படித்து எழுதினார்கள்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எழுதப் பழக்கியபோது இது எனக்குப் பெரிய தலைவலி. எங்கள் ஊர் சூட்டுக் காடு. மழை, அட்டை, புழுக்கம், றப்பர். நுவரெலியாக் குளிருக்கும் எங்களுக்கும் வெகுதூரம். ஆனால் கொடுத்த கடதாசியில் முதல் வரி தவறாமல் பனிமூட்டத்தில்தான் விழும். ‘உங்கள் லயத்து வாசலில் எப்போது பிள்ளை பனிமூட்டம் பார்த்தாய்?’ என்று கேட்டால் சிரிப்பார்கள். பால்வெட்டுகிற தாயின் மகள், கொழுந்து பறிக்கிற தாயைப் பற்றி எழுதுவாள். மலையகம் என்றால் கொழுந்துக் கூடை என்று பாடப்புத்தகம் சொல்கிறது, நாட்காட்டிப் படம் சொல்கிறது, வாக்குக் கேட்டு வருகிறவர்களின் சுவரொட்டி சொல்கிறது. எங்கள் கையில் இருப்பது பால்வாளி.

உள்ளே இருந்து எழுதினால் முதல் பக்கம் எப்படி மாறும் என்பதற்கு அவர்களுக்கு நான் வாசித்துக் காட்டியது என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’. 1960களின் தொடக்கத்தில் வந்த சிறுகதை. 1980இல் அதே பெயரில் தொகுப்பும் வந்தது. அங்கே பஞ்சத்தில் அடிபட்ட ஊர் கிடையாது, கப்பல் கிடையாது. கொழுந்து மலையில் யாருக்கு எந்த நிரை என்கிற பேச்சிலேயே கதை பிடித்துக்கொள்கிறது. நல்ல நிரை கிடைத்தால் கூடை நிறையும், கெட்ட நிரை கிடைத்தால் பேர் விழாது. நிரை என்றால் என்ன என்று இராமையா யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவர் இரண்டு பக்கம் போனால் தெரிந்துகொள்வார். அந்தத் துணிச்சல் அவருக்கு எப்படி வந்தது? அவரை வாசிக்கிறவர்கள் தோட்டத்திலும் உண்டாகிவிட்டார்கள். ‘வீரகேசரி’யில் எஸ்.எம். கார்மேகம் பார்த்துக்கொண்ட தோட்டமஞ்சரிப் பக்கம், மலையக எழுத்தாளருக்கென்றே நடந்த சிறுகதைப் போட்டிகள், பரிசுபெற்ற கதைகளைத் திரட்டி 1971இல் வந்த ‘கதைக்கனிகள்’, 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ என்று அந்தப் பத்துப் பன்னிரண்டு வருசத்தில் கதையின் முகம் திரும்பியது. அக்கரை வாசகரைப் பார்த்துக்கொண்டிருந்தது, பக்கத்து லயத்தைப் பார்க்கத் தொடங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லயத்துச் சனத்துக்குக் கதைத் தொடக்கம் நாவல் படித்து வந்ததல்ல. மாசி மாதம் அமாவாசை கழிந்து காமன் கூத்துக்குக் காமன் ஊன்றினால், தகனம் வரைக்கும் இரவெல்லாம் ஆட்டம். மன்மதன் எரிவான் என்று பார்க்க வந்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்த கதையில் தொடக்கத்துக்கு என்ன வேலை? வருகிறவர் தன்னை அறிவித்துக்கொண்டு வர வேண்டும். இரதி வந்தால் நான் இரதி என்று பாடிக்கொண்டு வருவாள். வீரபத்திரன் வரும்போது முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓடும். யார் வருகிறார், எந்தக் கோலத்தில் வருகிறார், என்ன கேட்டு வருகிறார் என்ற மூன்றும் அந்த வரவிலேயே முடிந்துவிடும். ஊர் எங்கே, பரம்பரை என்ன என்று அளக்கிற பழக்கம் அங்கே இல்லை. எங்கள் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். பேனாவை எடுத்ததும் மட்டும் அதை மறந்துவிடுகிறார்கள்.

றப்பருக்குத் தமிழில் நாவலே இல்லை என்று சொல்ல வரவில்லை. உண்டு, மலாயாவில். மா. இராமையா, எம். குமாரன், அ. ரெங்கசாமி என்று அங்கே ஒரு பெரும் வரிசையே தோட்டத்து வாழ்வை எழுதியது. அகிலன்கூட மலேசியா போய்வந்து 1977இல் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். இத்தனைக்கும் அந்த மரம் ஆசியாவில் முதலில் வேர்பிடித்து வளர்ந்த இடங்களில் ஒன்று எங்களுக்குப் பக்கத்து மாகாணம். விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தது; 1876இல் 1,900க்கும் மேற்பட்ட நாற்றுகள் கப்பலில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்திலே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்து களனிவெளி முழுவதும் பரவியது. பின்னாலேயே குறுகிய ரயில் பாதை வந்தது. எட்டியாந்தோட்டைக்கு 1903இல், இரத்தினபுரிக்கு 1912இல், ஓப்பநாயக்கைக்கு 1919இல். மரத்துக்கும் ரயிலுக்கும் தேதி எழுதிவைத்திருக்கிறார்கள். வந்த ஆட்களுக்கு ஒரு முதல் பக்கம் இல்லை.

கேகாலையிலிருந்து உலகம் முழுவதும் போன புத்தகம் ஒன்று இருக்கிறது: மைக்கேல் ஒண்டாட்ஜியின் ‘ரன்னிங் இன் த ஃபாமிலி’ (1982). அவர் குடும்பத்து வீடு, ரொக் ஹில், கேகாலையில்தான் இருந்தது. ‘கேகாலை’ என்றே அத்தியாயத் தலைப்பும் உண்டு. அவர் முதலில் வைப்பது வறட்சியையும் ஒரு காய்ச்சல் கனவையும். தோட்டத்து முள்மரங்கள் வீட்டை நோக்கி வேர்விட்டு வருகின்றன. என்ன அழகான தொடக்கம்! வேர் வீட்டுக்குள் ஏறுவதைக் காட்டிவிட்டு, பிறகு குடும்பத்தின் வேரைத் தேடிப் புறப்படுகிறார். எனக்கு அந்தப் பக்கம் மிகவும் பிடிக்கும். ஆனால் அது பங்களா வராந்தாவிலிருந்து பார்த்த கேகாலை. லயத்து இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் வேறு கேகாலை தெரியும்.

அந்தக் கேகாலையில் நாவலுக்கு வாசல் எங்கே எங்கே இருக்கிறது என்று வகுப்பில் பிள்ளைகளோடு தேடுவோம். எங்களுக்கு வரலாற்றுப் பாடமாகவும் அது ஆகிவிடும்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா றப்பர் ஜப்பான் கைக்குப் போனது. நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய றப்பர்க் காடு இலங்கைதான். மரத்தைக் கொன்றாவது பாலை எடு என்று உத்தரவு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி, பட்டையை மிச்சம் பிடித்து, மரத்தை வருசக்கணக்கில் காப்பாற்று என்று கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு வெட்டுக்காரன், அதே மரத்தில் கண்ட கண்ட இடத்திலெல்லாம் கத்தியை வைக்கிற காலை. இது ஒரு வாசல். 1952 டிசம்பரில் சீனாவோடு ஒப்பந்தம்: வருசத்துக்கு 50,000 தொன் றப்பர் போகும், 2,70,000 தொன் அரிசி வரும், ஐந்து வருசத்துக்கு. அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் மலையில் வெட்டிய பால் சீன லொறிக்குச் சக்கரமாகவும், சீனத்து அரிசி இங்கே சோறாகவும் ஆன கணக்கை ஒரு கிழவி உலைக்கு முன்னால் உட்கார்ந்து முணுமுணுத்தால் அதுவும் வாசல்தான்.

ஆனால் இரண்டு வாசலில் நான் பிள்ளைகளை அதிக நேரம் நிறுத்திவைப்பேன்.

முதலாவது 1946. கேகாலை மாவட்டத்து உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மியர் தோட்டம். நிலமில்லாத சிங்களக் கிராமத்தாருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக அரசு அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. லயத்திலிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் போகவில்லை. அத்துமீறிக் குடியிருப்பதாக வழக்கு வைத்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வர இன்னும் இரண்டு வருசம் இருக்கிறது. ஆனால் அதன் நிழல் இங்கே விழுந்துவிட்டது. அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிற பெண்ணின் காம்பராவுக்கு ஓர் ஆள் வந்து, நீ பிறந்த இந்த வீட்டுக்குள்ளேயே நீ அத்துமீறி நுழைந்திருக்கிறாய் என்று எழுதிய கடதாசியை நீட்டுகிறான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாள்? கணக்கப்பிள்ளையிடமா, சங்கத் தலைவரிடமா, அந்த நிலம் கிடைத்தால் வாழ்ந்துவிடலாம் என்று கனவு காண்கிற கீழ்வீட்டுச் சிங்களப் பையனிடமா? அந்தப் பையனும் ஏழைதான் என்பதை எழுத்தாளர் மறக்கக்கூடாது. மறந்தால் இரண்டாம் பக்கத்திலேயே நாவல் செத்துவிடும்.

அந்தப் பையன் வருவதால்தான் எங்கள் சப்ரகமுவ மாகாணம் வேறு. நுவரெலியாப் பக்கம் தோட்டத்துக்கு அப்பால் தோட்டம். மலை முடிந்தால் மலை. இங்கே தோட்டம் சின்னது, நாட்டுக்குள் செருகிக் கிடக்கிறது. லயத்துப் பின்பக்கம் இறங்கினால் சிங்களக் கிராமம், விகாரை, போத்தல் கடை. தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரமென்று சிங்களப் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் ஏராளம். பெரிய தங்கச்சிக்குத் தமிழ் எழுத்து, சின்னவனுக்குச் சிங்கள எழுத்து என்று பிரிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது அடிக்க வந்தவர்களும் இந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள், ஒளித்துவைத்துச் சோறு போட்டவர்களும் இந்தப் பக்கத்திலேயே இருந்தார்கள். அதற்குப் பிறகு வவுனியாவுக்குப் போனவர்கள், இந்தியாவுக்குப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள் என்று ஒவ்வொரு லயத்திலும் கதை உண்டு. முதல் பக்கத்தில் இரண்டு பாஷையும் கேட்காத சப்ரகமுவ நாவலை நான் நம்பமாட்டேன்.

இரண்டாவது வாசல் 1964. அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போடுகிறார்கள். நாடற்றுப்போன எங்கள் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதே வருசத்தில்தான் ‘தூரத்துப் பச்சை’ வந்தது. அந்த நாவல் எந்த மாதிரிக் கிராமத்திலிருந்து புறப்பட்டதோ, அந்த மாதிரிக் கிராமங்களுக்கு லட்சக்கணக்கான பேரைத் திரும்பிப் போகச் சொல்லி ஒப்பந்தம். நாவலின் முதல் பக்கமாக இருந்த ஊர், அவர்களுக்குக் கடைசிப் பக்கமாக ஆயிற்று. எங்கள் லயத்திலிருந்தும் போனார்கள். வாளி, கத்தி, சாமிப் படம், ஆட்டுக்கல். ஆட்டுக்கல்லைக் கொண்டுபோக முடியாதென்று சொன்னதும் அழுத ஒரு பெரியம்மாவை எனக்கு நன்றாக ஞாபகம். தலைமன்னாரில் கப்பலேறும் இடத்தில் நாவலைத் தொடங்கு, பின்னோக்கி எழுது என்று ஒரு பையனிடம் சொன்னேன். அவன் தொடங்கினான், இரண்டு அத்தியாயம் எழுதினான், பிறகு கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். எங்கள் இலக்கிய வரலாற்றில் பாதி இப்படித்தான்.

இவ்வளவு பெரிய சம்பவம்கூட வேண்டாம். றப்பர் காலையே போதும். தேயிலைக்கு மழை வந்தால் கொங்காணியைப் போட்டுக்கொண்டு பறிக்கலாம். றப்பருக்கு அது முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குப் போகாமல் மரத்தோடு வழிந்துவிடும். அதனால் பிரட்டில் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா மரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பாள். இன்றைக்குப் பேர் உண்டா, அரைப்பேரா, ஒன்றுமே இல்லையா என்பதை அந்தக் கை சொல்லும். நாவலாசிரியர்கள் முதல் பக்கத்துக்குத் தேடி அலைகிற இழுவை, அடுத்து என்ன ஆகுமோ என்கிற பதைப்பு, எங்கள் ஊரில் விடிந்தால் எழும்புகிற ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிறது. கங்காணி வெட்டலாம் என்பார்; பால்வெட்டுகிறவள் முடியாது என்பாள். மழை கழுவிக்கொண்டுபோன பாலுக்கு நிறை கிடையாது. நிறை இல்லாவிட்டால் பேரில் கைவைப்பார்கள். ஒரு மரப்பட்டையின் ஈரத்தில் தொழிற்சங்கம், கடை நிலுவை, மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாம் அடங்கியிருக்கிறது. இங்கே இருந்து தொடங்கிய கதை ஒன்றாவது வந்திருக்க வேண்டுமா இல்லையா?

ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது ஒரு நீண்ட கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். தொடக்கம் நான் மேலே சொன்ன ஈரப் பட்டையில்தான், ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததற்கு மேலே போயிருக்கிறாள். மரத்தைத் தொட்டுப் பார்க்கிறது அம்மா இல்லை. தோட்டம் நட்டத்தில் ஓடுகிறதென்று துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டபிறகு, அந்தத் துண்டை எடுத்த சிங்கள முதலாளி. அவருக்கு மரம் பார்க்கத் தெரியாது. அம்மாவைக் கேட்கிறார், சிங்களத்தில். அம்மா அரைகுறைச் சிங்களத்தில் ஒரு பொய் சொல்கிறாள். நல்ல பொய்.

‘டீச்சர், சிங்களப் பேச்சைத் தமிழாக்கி எழுதவா, அப்படியே தமிழ் எழுத்தில் போடவா?’ என்று கேட்டாள். அப்படியே போடு, கேட்கிறவருக்கு அர்த்தம் அம்மாவின் பதிலில் விளங்கட்டும் என்றேன். ‘பேர், அரைப்பேர் எல்லாம் கொழும்பில் படிக்கிறவர்களுக்குத் தெரியுமா?’ என்.எஸ்.எம். இராமையாவைத் திரும்பப் படி என்றேன். அவள் திணறுவது வேறு இடத்தில். இரண்டாம் பக்கத்தில் மழை விட்டுவிட்டது. பட்டை காய்வதற்குள் முதலாளிக்குப் பொய் தெரிந்துவிட வேண்டும், ஆனால் காய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கிழக்குப் பக்கச் சரிவா மேற்குப் பக்கச் சரிவா என்பதையும் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.